நீரிழிவுடையார்க்குக் கண்புரை அறுவை

மூப்பினால் கண்ணிற் படரும் புரையை நீக்குதல் இக்காலத்தில் அரிய காரியமன்று. 1934-ஆம் ஆண்டு தோன்றிய ஜோசப் கண் மருத்துவமனையை அறியாதார் திருச்சிராப்பள்ளியில் மிகச் சிலரே. கண்ணளவில் மரத்துப்போக மருந்திட்டு, மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லையைப் பொருத்துவர்; பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். ஆயினும், நீரிழிவுடையார்க்கு இவ்வறுவை மருத்துவமனையில் தொடங்குவதன்று. பல வாரங்கட்கு முன்னரே இல்லத்தில் தொடங்குவது என்பதே எமது கருத்து.

காரணம் வெளிப்படை. குருதியிற் சர்க்கரை மிகுமாயின் புண் ஆறத் தாமதமாகும். கிருமிகள் பெருக இடமுண்டாகும். ஆதலின் காற்புண், சொத்தைப்பல் முதலியவற்றையும் முன்னரே ஆற்றிக்கொள்ளல் வேண்டும். விழித்திரை பழுதுற்றிருப்பின், புரை நீங்கியும் பார்வை தெளியாது. புரை நன்கு முற்றட்டும் என்று காத்திருப்பாரும் உளர். முற்றிய புரை விழித்திரையை மருத்துவர் கண்ணுக்கும் மறைத்துவிடுமன்றோ?

இருவகைத் தவறுகள் நம்மிடையே உள்ளன. அறுவையை ஒத்திவைப்பர் என அஞ்சி நோயை மறைத்தல் ஒன்று. சோதனைக்கு முன் இருநாள் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டுதல் மற்றொன்று. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனை உண்மையின், இவ்வுபாயம் பலியாது. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்துதல் விழித்திரைக்கும் நன்றன்று.

காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் ஏகாதசி நோன்பு நோற்கும் முதியோர் பலர். இப்பால் லெந்து நாட்களில் உபவாசிக்கும் கிறிஸ்தவர்களும் பலர். நோன்பு எதுவாயினும் மருத்துவரிடம் முன்னரே உரைத்தல் வேண்டும். உண்ணாதிருந்து இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கம்போற் கொள்வார்க்குச் சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து மயக்கம் நேரலாம். அறுவை நாளில் உண்பதும் மருந்து கொள்வதும் எவ்வாறு என்பதை விதிக்க வேண்டியவர் மருத்துவரே. அண்டை வீட்டார் அல்லர். அறுவைக்குப் பின்னரும், அவர் இசையும்வரை அம்மா மண்டபத் துறையில் தலைமுழுகலாகாது. சிலர்க்கு அந்நாட்களில் விழித்திரை வீங்குதலும் உண்டாதலின், குறித்த நாளில் மீண்டும் சென்று காட்டல் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் முதியோர் தனித்துச் செய்தல் எங்ஙனம்? மருந்துச் சீட்டைப் படிக்கவொட்டாது தடுப்பதே அப்புரைதான். விடுமுறையில் இல்லம் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் பாட்டனார் பாட்டியாரின் மருந்துகளை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை அளவைத் தேதியோடு குறித்து, அவர்களுடன் மருத்துவரிடம் செல்வாராக. பல்லாண்டு செலவிட்டு நம்மைப் படிக்கவைத்தவர்க்கு நாம் படித்துக் காட்டவேண்டிய முதல் ஏடு அதுவேயாகும்.