மழை நாளில் மிதிவண்டிப் பந்தயம்

செப்டம்பர் 15 அறிஞர் அண்ணாவின் பிறந்த நாள். அதையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் அரசு மிதிவண்டிப் போட்டி நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். மாணவர்களுக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர், மாணவியருக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர். கியர் வைத்த பந்தய வண்டிகளுக்கு அங்கே இடமில்லை; நம் நாட்டில் செய்த சாதாரண சைக்கிள்தான். போட்டி நெருங்க நெருங்க, எங்கள் கே.கே. நகரில் விடியற்காலையில் பி.டி. ராஜன் சாலையிலும் அசோக் தூண் பக்கத்திலும் சில பிள்ளைகள் குனிந்து மிதித்துக்கொண்டு பறப்பதைப் பார்க்கிறேன்.

ஆனால் செப்டம்பர், சென்னையில் இடிமழைக் காலம். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். இரவில் கொட்டித் தீர்க்கும். விடிந்து பார்த்தால் சாலையெல்லாம் ஈரம். அப்போது, "போட்டியைத் தள்ளி வையுங்கள்" என்பார்கள் சில பெற்றோர். "மழைக்குப் பயந்தவனுக்குப் பந்தயம் எதற்கு?" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. போட்டியை நடத்தலாம், ஆனால் ஈரச் சாலையின் கணக்கைத் தெரிந்துகொண்டு நடத்த வேண்டும்.

அந்தக் கணக்கு புதிதல்ல. வளைவில் மிதிவண்டி ஓட்டுபவர் ஏன் உள்பக்கமாகச் சாய்கிறார் என்பது மேல்நிலை முதலாண்டு இயற்பியல் பாடத்திலேயே வருகிறது. வளைவில் திரும்பத் தேவையான மையநோக்கு விசையை டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வுதான் தருகிறது. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விடை உராய்வுக் குணகத்தைவிட அதிகமானால் வண்டி வழுக்கும்.

12 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையை மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 7.5 மீட்டரில் கடக்கிறீர்கள் என்று கொள்வோம். விடை சுமார் 0.48. காய்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. ஈரத்தில் அது 0.4 ஆகக் குறைந்தால் நீங்கள் தரையில் கிடப்பீர்கள். அப்போது அந்த முனையில் எல்லை வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பாதசாரிகள் கடக்கத் தீட்டிய வெள்ளைக் கோடுகள் நனைந்தால் இன்னும் மோசம். குணகம் 0.2 என்றால் எல்லை 17 கிலோமீட்டர்தான். பள்ளி நாளில் நானும் அப்படி ஒரு வெள்ளைக் கோட்டில்தான் விழுந்தேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. கணக்கில் உங்கள் எடை எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒல்லியானவரும் பருமனானவரும் ஒரே வேகத்தில்தான் வழுக்குவர்.

வேகத்தைக் குறைத்தால் பின்தங்கிவிடுவோமே என்று நினைக்கலாம். 27லிருந்து 22க்கு இறங்கி, திரும்பி, மறுபடி வேகமெடுக்க ஒவ்வொரு முனையிலும் இரண்டு வினாடி போகட்டும். பத்து முனைகளுக்கு 20 வினாடி. 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆகும் நேரமோ 44 நிமிடத்துக்கு மேல்! நேர்ச்சாலையில் நன்றாக மிதித்து அந்த 20 வினாடியை மீட்டுவிடலாம். உடைந்த தோள் எலும்பை வைத்துக்கொண்டு எதையும் மீட்க முடியாது.

வேகத்தைக் குறைப்பதை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். உராய்வு ஒரு குடத்துத் தண்ணீர் போன்றது. திரும்புவதற்கே முழுக் குடமும் செலவாகும்போது பிரேக் பிடிக்க எங்கே மிச்சம் இருக்கும்?

பிரேக்கும் மழையில் பழைய பிரேக் அல்ல. நம் சாதாரண சைக்கிளில் ரப்பர் கட்டை எஃகு ரிம்மை அழுத்துகிறது. ரிம் நனைந்திருந்தால் பிடிப்பு பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். சக்கரம் பல முறை சுற்றி, கட்டை நீரை வழித்தெடுத்த பிறகே பிடி கிடைக்கும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். வழித்தெடுக்கப் பத்துச் சுற்று ஆகிறது என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 21 மீட்டர் போயிருப்பீர்கள்.

மாறாக, பலரும் அஞ்சுகிற ஒன்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதந்துவிடும் என்பது வேகமாகச் செல்லும் கார்களுக்குப் பொருந்தும். ஒடுக்கமான, காற்றழுத்தம் மிகுந்த சைக்கிள் டயர் அப்படி மிதக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆகவே பட்டை பட்டையாகக் கோடு போட்ட புது டயருக்காக வீட்டில் அடம்பிடிக்காதீர்கள்.

உலக வீரர்கள் மட்டும் விதிவிலக்கா? 2017 டூர் டி பிரான்ஸ் பந்தயம் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில், 14 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டத்துடன் தொடங்கியது. அன்று மழை. ஸ்பெயினின் அலெகாந்திரோ வால்வெர்டே ஒரு வளைவில் வழுக்கி முழங்கால் சில்லு உடைந்து வெளியேறினார். அத்தனை அனுபவசாலியும் விழுந்தார். அடுத்த ஆண்டே அவர் உலக வாகையர் ஆனது வேறு கதை. 2019இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உலகப் போட்டி நடந்தபோது பெருமழையால் பாதையில் வெள்ளம். அமைப்பாளர்கள் போட்டியைக் கைவிடவில்லை. சுமார் 285 கிலோமீட்டர் பாதையைச் சுமார் 260 ஆகச் சுருக்கினார்கள். அவர்களை யாரும் பயந்தவர்கள் என்று சொல்லவில்லை.

நம் போட்டிகளிலும் அப்படிச் செய்ய என்ன தடை? மழை நாளில் முனைகள் குறைந்த பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு வண்டியின் ரிம்மிலும் ஒரு குவளை நீரை ஊற்றி பிரேக்கைச் சோதிக்கலாம். விளையாட்டு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஒரு நாள் காலை சேர்ந்து மைதானத்துக்கு வந்தால் போதும். வளைவுச் சமன்பாட்டைத் தேர்வுத் தாளில் மட்டும் எழுத வைத்துவிட்டு, மாணவர்களை ஈரச் சாலையில் இறக்கிவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

அதுவரை காத்திராமல் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்து, கோடு எத்தனை முறை சுற்றி வந்து நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ரிம்மை நனைத்து, அதே வேகத்தில் சுற்றி, மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் காலை உங்கள் தெருமுனைக்குப் போங்கள்.