பத்திரிகையா, வேடிக்கைக் கூடமா?

மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பும் சடங்கன்று. தம்மை ஆள வேண்டிய முறை யாது என்பதை மக்கள் தாமே ஆராய்ந்து, தாமே வாதித்து, தாமே முடிவு கூறும் ஏற்பாட்டுக்கே அப்பெயர் பொருந்தும். ஆராய்வதற்கு விவரம் வேண்டும். விவரத்தைத் தேடிக் கொணர்ந்து தருவது பத்திரிகையின் தொழில். அத்தொழிலைக் கைவிட்டு, பொதுக் காரியங்களைத் திருவிழாக் கடைப் பொம்மைகளாக்கி விற்கும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அதைக் கண்டிப்பது கடமை எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நமது உத்தியோகம் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை. செக்ரோல் எழுதுவதும் சம்பளக் கணக்குப் போடுவதும் நம் அன்றாட அலுவல். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் சம்பளம் தரவேண்டும் என்ற அரசாங்க உத்தரவு அமலுக்கு வந்தது. அவ்வாரத்தில் ஒரு காலை, பெரட்டு முடிந்ததும், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாள் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். “கிராணி ஐயா, டன் கணக்கில் குலை வெட்டும் எங்கள் வீட்டுக்காரருக்கும் இது உண்டா? அலவன்சையும் சேர்த்து ஆயிரத்து எழுநூறா, சேர்க்காமலா?” என்று கேட்டார்.

அவர் கையில் அன்றைய பத்திரிகை ஒன்றிருந்தது. வாங்கிப் புரட்டினோம். சம்பள உயர்வுக்குக் காரணம் தாமே என்று இரு அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட பேச்சு முதற்பக்கத்தை நிரப்பியிருந்தது. உள்ளே ஒரு நடிகரின் படவிழா ஒரு முழுப் பக்கம். ராசிபலன் அரைப் பக்கம். அம்மாளின் இரு கேள்விகளுக்கும் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி விடை இல்லை!

விடையோ சட்டத்தில் தெளிவாகவே உள்ளது. 1,700 வெள்ளி என்பது அடிப்படைச் சம்பளம். அலவன்சு அதில் சேராது. டன் கணக்கு, துண்டு வேலை எதுவாயினும் மாதச் சம்பளம் அத்தொகைக்குக் குறையலாகாது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. இதனை அச்சிட நாலு வரி போதும். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது பன்னிரண்டு ஆண்டுகளில் 1,700ஐ எட்டியிருக்கிறது. விலைவாசி ஏறிய ஏற்றத்திற்கு இது ஈடாகுமா என்பதன்றோ நாம் வாதிக்க வேண்டிய விஷயம்? யார் யாரை ஏசினார் என்பதா விஷயம்?

இது ஒரு தோட்டத்துச் சில்லறைக் குறை என்று தள்ளுவோர் 2007ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு நவம்பர் 10ஆம் தேதி பெர்சே இயக்கத்தார் பல்லாயிரவராகக் கூடிக் கோலாலம்பூரில் அரண்மனையை நோக்கி நடந்தனர். அவர்களுடைய கோரிக்கைகள் நான்கு. வாக்காளர் பட்டியலைச் சுத்தப்படுத்துக. விரலில் அழியாத மை இடுக. தபால் வாக்கை ஒழிக்க. எல்லாக் கட்சிகளுக்கும் செய்திச் சாதனங்களில் நியாயமான இடம் தருக என்பனவே அவை. மறுநாள் நாட்டின் முக்கிய தினசரிகள் பலவற்றில் முன்னே நின்றது எது? நகரத்து வீதிகளில் வண்டிகள் நெருக்கி நின்ற கதை! நான்காவது கோரிக்கை எத்துணை நியாயமானது என்பதை அத்தினசரிகளே மெய்ப்பித்துக் காட்டின.

மையின் கதையையும் கேளுங்கள். அதனை இடுவோம் என்று ஒப்பிய தேர்தல் ஆணையம், 2008 மார்ச் 8ஆம் தேதி வாக்களிப்புக்கு நான்கே நாள் முன்பு கைவிட்டது. 2013இல் இட்டபோதோ, கழுவினால் போய்விடுகிறது என்று வாக்காளர் முறையிட்டனர். மை எதற்கு என்பதை வண்டி நெரிசலுக்கு முன்னே வைத்து ஊரறிய விவாதித்திருந்தால், அதனை அவ்வளவு எளிதில் கைவிடத் துணிவு வந்திருக்குமா?

அதே நவம்பர் 25ஆம் தேதி நம்மவர் திரண்டனர். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. பிரிட்டிஷ் அரசாங்கத்தின்மீது இண்ட்ராப் தொடுத்த வழக்கில் கேட்ட தொகை நான்கு லட்சம் கோடி டாலர் என்பதை எடுத்துச் சொல்லிச் சிரித்தவர் எத்தனை பேர்! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, பட்டணத்துப் புறம்போக்கில் குடியேறிய குடும்பங்களின் கணக்கை எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? தொகை வேடிக்கையாயிற்று, துயரம் செய்தியாகவில்லை.

ஒரு விஷயத்தை அற்பமாக்கப் பொய் சொல்ல வேண்டுவதில்லை; ஒரு துணுக்கை மட்டும் பிய்த்துக் காட்டினால் போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோரின் ஊக்கத்தால் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது கோரிக்கைகளில் ஒன்று, துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. அதனை மட்டும் கூறினால், சைக்கிளுக்காகவா இத்தனை கலகம் என்று எவரும் நகைப்பர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல வைத்தியம், கள்ளுக்கடையை மூடுதல் ஆகியவற்றோடு சேர்த்துக் கூறினாலோ, மானத்தோடு வாழ எழுந்த ஒரு சமூகத்தின் குரல் கேட்கும். துருப்புகள் வந்தன, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்த உத்தியோகஸ்தர் கூட்டத்தில் கிராணிமாரும் அடக்கம் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியது நம் நாற்காலிக்கு முன்னும்தான். ஆகவே, விவரமறிந்தும் வாய்மூடியிருப்பது நமக்கு இரட்டைக் குற்றமாகும்.

நிற்க. பத்திரிகாசிரியர் இரு சமாதானங்கள் கூறுவர். முதலாவது, சட்டத்தின் பயம். மெய்யே. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி 2012 வரையில் ஆண்டுதோறும் உத்தரவுச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் தி ஸ்டார், சின் சியூ, வத்தான் என்னும் மூன்று பத்திரிகைகளின் சீட்டு பறிக்கப்பட்டது. ஆயினும் டன் கணக்குக் கூலியின் விதியை நாலு வரியில் விளக்கினால் எவர் வந்து சீட்டைப் பறிப்பார்? பயம் நியாயமான இடத்தில் பயம். மற்ற இடத்தில் அது சோம்பலுக்குப் போர்த்திய போர்வை.

இரண்டாவது, ஜனங்கள் விரும்புவதையே தருகிறோம் என்பது. அலவன்சு சேருமா என்று கேட்ட அம்மாள் ஜனமல்லவா? 1935இல் தமிழ் முரசைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி, ஜனங்கள் விரும்பியதை மட்டும் தந்திருந்தால், சிங்கப்பூர்த் தமிழரைக் குடியுரிமை பெறும்படி அத்தனை வற்புறுத்தி எழுதியிருப்பாரா? படிப்பவரைச் சிந்திக்கத் தக்கவர் என்று மதித்தார், அவர்களும் சிந்தித்தனர்.

எனினும் பழி முழுவதையும் பத்திரிகைமீதே சுமத்துவது நேர்மையாகாது. காசு கொடுத்து வாங்கிய தாளில் நாம் முதலில் திறப்பது எந்தப் பக்கம்? ராசிபலனையும் நடிகரின் கல்யாணத்தையும் தானே? கைப்பேசியை ஏந்திய இக்காலத்தில் நிலைமை இன்னும் கேடாயிற்று. 2022 பொதுத் தேர்தலை ஒட்டி, 1969 மே 13ஐ நினைவூட்டி அச்சுறுத்தும் குறும்படங்கள் டிக்டாக்கில் பரவின. பயமூட்ட அரை நிமிடம் போதுமாயிருந்தது. பயத்தைத் தெளிவிக்க அரை நிமிடம் போதுமா?

தோழர்களே! இனிச் செய்தி ஒன்றைப் படித்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் என் சம்பளம், என் பிள்ளையின் பள்ளி, என் வாக்கு எவ்வாறு மாறும்? இதில் எதனைச் சொல்லாமல் விட்டார்கள்? யாரைக் கேட்டால் தெரியும்? விடை இல்லையேல் ஆசிரியருக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கிராணி நண்பர்களே, சட்டத்தின் வாசகத்தை ஆபீஸ் மேசைக்குள் பூட்டி வைக்காதீர்கள். பெரட்டுக் களத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அன்று அம்மாளுக்கு விடையைச் சொன்னோம். “இதைப் பேப்பரில் போட்டால் என்னவாம், ஐயா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கேள்வியை நாம் பத்திரிகாசிரியர் அனைவர் முன்னும் வைக்கிறோம்.