பூவில் ஒரு குழியாடி

"பூவைப் பற்றித் தாவரவியல் ஆசிரியரன்றோ பேச வேண்டும்? பௌதிக ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நிறைய வேலை இருக்கிறது!

வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், 79 பாகை வட அட்சரேகையில், 2008-ஆம் ஆண்டு இந்தியா 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அப்பகுதியில் தரையோடு படர்ந்து பல்லாண்டு வாழும் சிறு செடி டிரையாஸ். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவுக்குப் பெரும்பாலும் எட்டு வெள்ளை இதழ்கள். கிண்ணம் போன்ற அப்பூ சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். இதழ்கள் குழியாடிபோல் ஒளியை நடுவே திருப்புவதால், பூவின் மையம் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாகிறது. அங்கே குளிர்காய வரும் ஈக்கள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன.

ஆகவே, மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவை எடுத்ததும் செடிகொடிகளை மறந்துவிடுவது சரியன்று என்பேன். "பாடச்சுமை போதாதா, ஐயா?" என்பீர்கள். இதற்குத் தனிப்பாடம் வேண்டாம். கண்ணும் ஒரு கடிகாரமும் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைகளில் நெருஞ்சி பூக்கிறது. அது ஞாயிற்றை நோக்கித் திரும்பும் என்று சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். உண்மைதானா? மணிக்கொரு முறை பூவின் திசையைக் குறித்துப் பாருங்கள். அந்த மனைகளில் வீடுகள் எழும்புமுன் பார்த்துவிடுங்கள்!