மட்டிக்கும் ஒரு சோதனை வேண்டும்

2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடல் செந்நிறமானதை, அதை வடக்கே ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடல் நிறம் மாறினால் கரை ஒதுங்கும் செத்த மீனைப் பார்த்துத்தான் பதறுகிறோம். உயிரோடு இருக்கும் மட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கவலை அதைப் பற்றித்தான்.

மீன் சாவது கண்ணுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையானபோது, அங்குள்ளவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் நுண்பாசி பெருகி, தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்தன. செத்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள். மட்டி அப்படியல்ல. நாள் முழுதும் தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் அது. சில வகைப் பாசிகளின் நஞ்சு அதன் சதையில் சேரும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது, தின்றவருக்கு ஆகும்.

1981-ல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் அதுதான் நடந்தது. மட்டி தின்ற 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. முறிவு மருந்தும் கிடையாது.

எல்லாப் பாசியும் நஞ்சல்ல. நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். ஐரோப்பாவில் விற்கும் மட்டியில் இந்த நஞ்சு கிலோவுக்கு 800 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் கழிமுகத்தில் அள்ளிக் கூடையில் விற்பதை யார் பார்க்கிறார்கள்? ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் பாசிப் பெருக்கத் தகவல் சேவை தொடங்கியபோது கண்காணிக்க எடுத்த நான்கு பகுதிகளில் மன்னார் வளைகுடா உண்டு, மரக்காணம் கரை இல்லை.

கடல் நிறம் மாறியதும் மீன்வளத் துறை மட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை அள்ளுவதை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கு நிவாரணம் உண்டல்லவா? அதுபோல் மட்டி அள்ளுபவர்களுக்கும் தர வேண்டும். தராவிட்டால், அடுப்பு எரிய வேண்டுமே என்று அள்ளத்தான் செய்வார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

வயல்காரர்களே, இது குப்பத்துச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கழுவெளியைச் சுற்றியுள்ள வயல்களின் வடிநீர் எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் பாசிக்குத் தீனிதான். பழி முழுதும் உங்கள் மேல் இல்லை. ஆனாலும் மழை அறிவிப்பு இருக்கும் நாளில் போடும் யூரியா பயிருக்குச் சேராமல் பாசிக்குச் சேரும். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். காசும் மிச்சம்.

சோதனை வரும்வரை, கடல் நிறம் மாறிய நாட்களில் மட்டி வாங்காதீர்கள். தின்ற சிறிது நேரத்தில் உதடும் விரல் நுனியும் மரத்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மட்டி தின்றதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.