பயில்வான் கார்கள் வருகின்றன!

50 வயதான அமெரிக்கக் காருக்குக் கதவு திறந்தது. கொங்கு நாட்டுக்கு லாபமா, நஷ்டமா?

பதினைந்து வயதான காரை யாரும் சீந்துவது இல்லை. "பழசு" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். ஆனால் ஐம்பது வயதான காருக்குக் கோடிக்கணக்கில் விலை பேசுகிறார்கள்!

இது என்ன விந்தை?

பணக்காரர்களின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதில் சட்டம் இருக்கிறது. ஏமாற்று வித்தை இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளின் பிழைப்பும் இருக்கிறது.

புதிய உத்தரவு

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன மோட்டார் வண்டிகளை வெளிநாட்டில் இருந்து தனி அனுமதி வாங்காமலே கொண்டு வரலாம் என்பது அந்த உத்தரவு.

அதற்கு முன்பு 1950-ம் ஆண்டுக்கு முன் செய்த வண்டிகளுக்குத்தான் இந்தச் சலுகை இருந்தது.

இப்போது 50 வயது என்று கணக்கு வைத்துவிட்டதால், ஆண்டுதோறும் எல்லை நகர்ந்துகொண்டே வரும். 1975-ல் செய்த கார் 2025-ல் தகுதி பெற்றது. 1980-ல் செய்த கார் 2030-ல் தகுதி பெறும்.

சாதாரணப் பழைய கார் என்றால் கதை வேறு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விதி இடம் தருவது இல்லை. ஆக, குழந்தைக் கார் வரலாம். கிழட்டுக் கார் வரலாம். நடு வயதுக் கார் வரக்கூடாது!

திருப்பூர்ப் பனியன் கடல் கடந்து அமெரிக்கா போகிறது. வெளிநாட்டு வியாபாரிகளோடு தினமும் பேசுகிற ஊர் திருப்பூர். "பனியன் போகிற நாட்டில் இருந்து ஒரு பழைய காரைக் கொண்டுவந்தால் என்ன?" என்ற ஆசை இங்கே முளைப்பது இயற்கைதான்.

பயில்வான் கார் என்றால் என்ன?

1960-களில் அமெரிக்காவில் ஒரு புது வகைக் கார் பிறந்தது. "மசில் கார்" என்று அதற்குப் பெயர். மசில் என்றால் தசை. நாம் "பயில்வான் கார்" என்று சொல்லலாம்.

நடுத்தர அளவுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வார்கள். பெரிய காருக்குப் போடும் ராட்சத என்ஜினை அதற்குள் பூட்டுவார்கள். விலை அதிகம் இராது. இளைஞர்கள் கடன் வாங்கியாவது வாங்குவார்கள்.

1964-ல் வந்த "பாண்டியாக் ஜி.டி.ஓ." இப்படிப்பட்ட கார். அதன் என்ஜினுக்கு 325 குதிரைச் சக்தி. நம் அம்பாசடர் காருக்குச் சுமார் 50 குதிரைச் சக்திதான். ஆறு அம்பாசடர் சேர்ந்து இழுத்தாலும் அதற்கு ஈடாகாது!

அதே ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி போர்டு கம்பெனி "முஸ்டாங்" என்ற காரை வெளியிட்டது. முஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை. இரண்டே ஆண்டுகளுக்குள் 10 லட்சம் கார்கள் தயாராகிவிட்டன. அதிலும் பெரிய என்ஜின் பூட்டிய முஸ்டாங்குக்குத் தனி மவுசு.

இந்தப் பயில்வானின் ஆட்டம் பத்து ஆண்டுதான். 1970-ல் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆயிற்று. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும் காரை யார் வைத்திருப்பார்கள்? பல கார்கள் துருப்பிடித்தன. பல கார்கள் இரும்புக் கடைக்குப் போயின.

எஞ்சியவை சில. எஞ்சியதால் விலை ஏறியது.

இரண்டு கார்களின் கதை

1968-ல் "புல்லிட்" என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. ஸ்டீவ் மக்குவீன் கதாநாயகன். சான்பிரான்சிஸ்கோ நகரின் மேட்டுத் தெருக்களில் கார்கள் துரத்திப் பறக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பச்சை நிற முஸ்டாங் கார்கள் இரண்டைப் பயன்படுத்தினார்கள்.

முதல் காரை 1974-ல் ஒரு குடும்பத்தினர் சுமார் 6 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 48 ஆயிரம் ரூபாய். அந்த வீட்டு அம்மாள் பள்ளி ஆசிரியை. அந்தக் காரில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தார்! 1977-ல் ஸ்டீவ் மக்குவீனே கடிதம் எழுதி, காரைத் தமக்கு விற்கும்படி கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை.

1980-ல் கிளட்ச் கெட்டது. கார் கொட்டகையில் படுத்துவிட்டது. தந்தை இறந்தபின் மகன் அதை மீண்டும் ஓடச் செய்தார். 2018-ல் அது உலகத்தின் கண்ணில் பட்டது. 2020 ஜனவரியில் ஏலம் போனது. கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். நம் பணத்தில் அப்போது சுமார் 26 கோடி ரூபாய்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காருக்குப் புதுப் பெயிண்டு அடிக்கவில்லை. நசுங்கலைத் தட்டி எடுக்கவில்லை. என்ஜினை ஓட வைத்தார்களே தவிர, உடம்பைத் தொடவில்லை. பழைய தழும்புதான் அதன் சாட்சி. பளபளப்பாக்கி இருந்தால் மதிப்பு குறைந்திருக்கும்.

இரண்டாவது காரின் கதை இன்னும் சுவையானது. அது அழிந்துபோனது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2017-ல் மெக்சிகோ நாட்டில் பழைய இரும்புக்கு நடுவே கிடந்தது. என்ஜின் இல்லை. கியர் பெட்டியும் இல்லை. வாங்கியவர்கள் வேறொரு படத்தில் வந்த காரைப் போல அதை மாற்றிவிட எண்ணி இருந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன் நம்பரைச் சரிபார்த்தார்கள். திடுக்கிட்டார்கள்! பாய்ச்சல் காட்சிக்காக முன்பகுதியைப் பலப்படுத்திய அடையாளமும் உடம்பில் இருந்தது. நிபுணர் வந்து பார்த்து, அதே கார்தான் என்று உறுதி செய்தார்.

நம்பரைப் பார்க்காமல் வெட்டி இருந்தால்? பல கோடி ரூபாய் குப்பையில் போயிருக்கும்.

நம்பர் பேசும்!

பழைய காருக்கு நம்பர்தான் ஜாதகம். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

கோடிக்கு விலைபோன அந்த முஸ்டாங்கின் நம்பர்: 8 ஆர் 02 எஸ் 125559.

முதலில் உள்ள 8, தயாரிப்பு ஆண்டு 1968 என்பதைக் குறிக்கும். "ஆர்" என்பது கலிபோர்னியாவில் சான்ஹோசே பக்கத்தில் இருந்த தொழிற்சாலை. 02 என்பது பின்பக்கம் சரிவான கூரை கொண்ட உடல். "எஸ்" என்பது பெரிய என்ஜின் வகை. கடைசி ஆறு எண்கள் வரிசை எண். மெக்சிகோவில் கிடைத்த காரின் வரிசை எண் 125558. இரட்டைப் பிள்ளைகள்!

சின்ன என்ஜினோடு பிறந்த காரில் பெரிய என்ஜினைப் பூட்டி, "அசல் பயில்வான்" என்று விற்பவர்கள் உண்டு. என்ஜின் மாறினாலும் நம்பரில் உள்ள எழுத்து மாறாது. அது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சில மோசடிக்காரர்கள் நம்பர்த் தகட்டிலேயே கை வைக்கிறார்கள். பழைய முஸ்டாங்கின் இரும்பு உடலைப் புதிதாகவே செய்து விற்கும் கம்பெனிகள் அமெரிக்காவில் உள்ளன. புது உடலில் பழைய தகடு ஒட்டினால் கண்டுபிடிப்பது கடினம்.

வெறும் புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பக்கூடாது. அந்த நாட்டிலேயே ஒரு நிபுணரை அனுப்பி, அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லவேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது முஸ்டாங்கின் பிறவிக் குறை. மேலே மின்னும், கீழே ஓட்டையாக இருக்கும்.

செலவு எவ்வளவு?

காரின் விலை முதல் செலவு. கப்பல் கூலியும் இன்சூரன்சும் இரண்டாவது செலவு. சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும் மூன்றாவது செலவு. இந்த வரிகளே காரின் விலையைத் தாண்டிவிடும்! பழுது பார்க்கும் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பதிவு செய்வதற்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. புதிதாகப் பதிய 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். நம்பர் பலகையில் மாநில எழுத்தை அடுத்து "வி.ஏ." என்ற எழுத்துக்கள் இருக்கும்.

சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று டீசல் என்ஜினைப் பூட்டினால் "பழம்பெரும் வண்டி" என்ற தகுதி போய்விடும்.

இன்னொரு முக்கியமான விதி: இந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும் சாலையில் கொண்டு வரலாம். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர உதவாது!

பெட்ரோலிலும் கவனம் தேவை. இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர்க் குழாய்களை எத்தனால் அரித்துவிடும். குழாய்களை மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் கசியும், தீப்பிடிக்கும்.

கொங்கு நாட்டின் கை

நமக்கு இதில் என்ன லாபம்?

அன்னிய வண்டியைக் கழற்றிப் பூட்டும் வேலை கொங்கு நாட்டுக்குப் புதிது அல்ல. ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது, ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். அதை விலைக்கு வாங்கினார். அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவர் பெயரால் அமைந்த கார் காட்சிசாலை 2015 முதல் கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. குழந்தைகளை ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டலாம். பந்தயக் கார்களைக் கட்டிய எஸ். கரிவரதனும் கோவைக்காரர்தான்.

திருப்பூரும் சளைத்தது அல்ல. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பின்னல் மெஷின்களை வாங்கி வந்து, இங்கே பழுது பார்த்து ஓட்டிய ஊர் அது. பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. பின்னல் மெஷினில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் துணி நன்றாக வந்தால் போதும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். பழைய காரில் மாற்றின பாகம் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். அங்கே "ஓடினால் போதும்." இங்கே "அசலாக இருக்கவேண்டும்." நம் பட்டறைக்காரர்கள் பழகவேண்டிய புதுப் பாடம் இதுதான். கழற்றும் முன் படம் எடுக்கவேண்டும். கழற்றிய போல்ட்டுக்கும் சீட்டுக் கட்டவேண்டும். பழைய பாகத்தை எறியாமல் உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

அந்தக் காலத்து அமெரிக்கக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் செய்தவை. மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாகப் பிடிக்காது. கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்ய வேண்டும். கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கும் இளம் மெக்கானிக்குக்கு இது தெரியாது. அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அந்தக் கைகளுக்கும் வயது ஆகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே இளைஞர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

டிங்கர், வெல்டர், பெயிண்டர், குரோம் முலாம் பூசுபவர், இருக்கை தைப்பவர், லேத்காரர் என்று பல பேருக்கு ஒரு காரில் மாதக்கணக்கில் வேலை உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியாவது இப்படி ஊருக்குள் தங்கும்.

குடும்பத்தார் கவனிக்க!

"இன்று வாங்கினால் நாளை பத்து மடங்கு" என்று தரகர் சொல்வார். நம்பவேண்டாம். 26 கோடிக்குப் போன கார் சினிமாவில் நடித்த கார். தெருவில் ஓடிய கார் எல்லாம் அந்த விலைக்குப் போகாது. இந்தியாவில் இதை வாங்குவோர் கைவிரலில் எண்ணும் அளவுதான். அவசரத்துக்கு விற்க முடியாத பொருளைச் சேமிப்பு என்று சொல்லலாமா?

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர் ஆர்டர்கள் தடுமாறின. அப்படிப்பட்ட நாளில் கம்பெனியைக் காப்பது கையிருப்புப் பணம்தான். கொட்டகையில் நிற்கும் கார் அல்ல. தொழிலில் போடும் முதலை எடுத்துக் காரில் போடுவது ஆபத்து.

ஆசைக்கு வாங்குபவர்கள் வாங்கட்டும். நம்பரைப் பார்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்து, வரிக்கணக்கைப் பார்த்து வாங்கட்டும். வந்த காரை நம் ஊர்ப் பட்டறையில் கொடுத்துச் சீர்செய்யட்டும். பக்கத்தில் நாலு பையன்கள் நின்று அந்த வேலையைக் கற்றுக்கொள்ளட்டும்.

கார் ஒருவருக்குத்தான் சொந்தம். கற்ற தொழில் ஊருக்கே சொந்தம்!