மேட்டில் ஏறுவதும் மேட்டில் நிற்பதும்

உடற்பருமனுக்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கொழும்பிலிருந்து ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ திரும்பும் ஒருவரிடம், “மலைநாட்டுக்காரருக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு?” என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அன்பினால் எழும் இக்கேள்வியில் அபாயமும் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றிலொருவர் வயதுக்கேற்ற உயரமற்றவர் என்று 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டிய சமூகத்தில் பருமனைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும் இளமையில் ஊட்டங் குன்றிய சரீரமே பிற்காலத்தில் உட்கார்ந்து செய்யும் தொழிலுக்கு மாறும்போது பருமனுக்கும் நீரிழிவுக்கும் எளிதில் இரையாகிறது.

இரைப்பைச் சத்திரசிகிச்சையின் ஒரு வகையில் இரைப்பையின் முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. அதன்பின் விரைந்து குறையும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைவதால், நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதமும் தசையை வேலை வாங்கும் பயிற்சியும் அவசியமாகின்றன. பயிற்சியினால் எடை இன்னும் வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். உயர்வது மூச்சுத்திறனும் தசைவலிமையுமே. இடைவிட்டுச் செய்யும் பயிற்சிகளுள், ஜப்பானியராகிய இசுமி தபாட்டா 1996இல் பரீட்சித்த, 20 விநாடி முழுப்பலத்தோடு உழைத்து 10 விநாடி ஓயும் கடுமுறை தேகபலமுள்ள வாலிபர்களுக்கு உரியது. நோர்வேயில் வளர்ந்த முறையோ, 4 நிமிடம் மூச்சுவாங்க உழைத்து, 3 நிமிடம் மெல்ல நடந்து, அதனை நான்கு தடவை திரும்பச் செய்வதாய், கண்காணிப்பின்கீழ் இருதய நோயாளரிடத்தும் பிரயோகிக்கப்பட்டது. காயம் ஆறி வைத்தியர் அனுமதித்தபின், இதற்கு யந்திரம் எதுவும் வேண்டா. லயத்திலிருந்து பஸ் பாதைக்குச் செல்லும் படிக்கட்டே போதும்.

ஆனால் கொழுந்து மலையில் நாள் முழுதும் கூடையோடு சரிவில் நிற்பது இப்பயிற்சி ஆகாது. இடைவிட்டுச் செய்யும் பயிற்சியில் ஓய்வு பாதி மருந்து. பறிக்கும் பெண்ணுக்கோ களைப்பு உண்டு, ஓய்வு அவள் வசத்தில் இல்லை. பல தோட்டங்களில் தராசு கேட்பது நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து, குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளமே. அவளும் இச்சிகிச்சை செய்துகொண்டவளாகி, அவளுடைய உணவு கோதுமை மா ரொட்டியும் தேத்தண்ணீருமாக இருக்குமாயின், சத்திரசிகிச்சைக்குப் பின் இயல்பாகவே குறையும் இரும்புச்சத்தை, உணவோடு அருந்தும் தேநீர் உடலிற் சேரவிடாமல் மேலும் தடுக்கிறது என்பதையும் (நாம் உலகுக்கு ஊட்டும் பானத்தைப் பற்றி நாமே சொல்ல வேண்டியிருக்கிறது) மறைப்பதற்கில்லை. இரத்தசோகையோடு மேடேறுகிறவருக்கு வாங்கும் மூச்சு, பயிற்சியின் மூச்சன்று. சீனி மிகுந்த தேத்தண்ணீர் சிறுத்த இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கினால் படபடப்பும் தலைச்சுற்றலும் நேரலாம். சரிவில் நிற்பவருக்கு அது சிறு விஷயமன்று.

இந்திய உதவியால் 150 கட்டில்களோடு 2017இல் டிக்கோயாவில் திறக்கப்பட்ட வைத்தியசாலை போன்ற இடங்களில், இரத்தப் பரிசோதனையோடு இயன்மருத்துவர் ஒருவர் முன்னிலையில் படியேறப் பழக்குவதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கினால், நோயாளி அதற்கென்று கொழும்புக்கு அலையவேண்டியதில்லை. பாரம் தூக்கலாகாத முதல் ஆறு வாரங்களுக்குச் சம்பளம் குறையாத இலேசான வேலை தரும்படி வைத்தியர் எழுதும் கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் ஏற்கவேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே முன்வைக்கலாம்.