கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை



அளவெட்டி என்றதும் தவிலும் நாதஸ்வரமும்தான் பலருக்கு நினைவு வரும். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஊரல்லவா! அதே ஊரில் காது கேளாத பிள்ளையை வளர்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, மகளின் மணிக்கட்டைத் தன் சேலைத் தலைப்போடு முடிந்துகொண்டு நடந்தவர். கூப்பிட்டால் திரும்பமாட்டாள்; இருட்டில் கைச்சாடையும் தெரியாது.

ஊர் திரும்பிய பின், "ஆக்கள் பாக்கினம், கையைக் கீழே விடு" என்று மகளை அதட்டுவார். சைகை பழகினால் பேச்சு வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவரை மட்டும் குறை சொல்வதெப்படி? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடே, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சால்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. கூடியவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள்! அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, 130 ஆண்டுகள் சென்றன. அதுவரை வகுப்பில் தடுத்தாலும், விடுதியில் பிள்ளைகள் கையால் பேசியே வந்தார்கள். மொழி அங்கேதான் வளர்ந்தது.

இலங்கையின் முதற் பாடசாலையை 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கினார். நம் பக்கத்தில், கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் வந்தது.

அந்தத் தாயும் ஒருநாள் அழுதழுது மகளை விடுதியில் விட்டார். முதல் விடுமுறைக்கு வந்த பிள்ளை, வீட்டில் எல்லோருக்கும் சைகையிலே பெயர் வைத்தாளாம். அம்மாவின் பெயர், மணிக்கட்டில் ஒரு முடிச்சுப் போடுவது.